கொத்துக் கொத்தாக வரும் எண்ணிக்கைத் தரவு: பாய்சானா, நெகட்டிவ் பைனாமியலா, ரேண்டம் எஃபெக்டா?

கொசுக்கணக்கு · திங்கள் இரவு 9.48

எல்லாருக்கும் வணக்கம். பகுதிநேர முதுகலைப் படிப்புக்கான திட்டவேலை இது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வடக்கு வட்டாரத்தில் ஒரு பேட்டை. 14 வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்குகள், ஒவ்வொன்றிலும் தாழ்வாரங்களில் 8 கொசுப்பொறிகள். கிராவிட்ராப் மாதிரிதான்: கறுப்பு உருளை, உள்ளே பசைத்தாள், அடியில் வைக்கோல் ஊறிய தண்ணீர். முட்டையிட வரும் பெண்கொசு ஒட்டிக்கொள்ளும். வாரத்துக்கு ஒருமுறை எண்ணினோம், மொத்தம் 26 வாரம். பதினான்காவது வாரத்திலிருந்து 7 புளோக்குகளில் மட்டும் தொண்டூழியர்கள் வீடு வீடாகப் போய்ப் பூச்சட்டித் தட்டு, வாளி, துணி காயப்போடும் மூங்கில் கழி செருகும் குழாய் எல்லாவற்றையும் காட்டி விளக்கினார்கள்.

ஏறக்குறைய 2,900 வரிசைகள், டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசுக்கள் 3,200. ஒரு பொறிக்கு வாரச் சராசரி 1.1. 54 விழுக்காட்டு வரிசைகளில் பூஜ்ஜியம். வாரம், புளோக் இரண்டும் எல்லா மாடல்களிலும் உண்டு. எனக்கு வேண்டியது ஒரே எண்தான்: வீடு வீடாகப் போன புளோக்குகளில் கொசு வரத்து எத்தனை மடங்காக மாறியது? அடைப்புக்குள் இருப்பது 95 விழுக்காட்டு நம்பிக்கை இடைவெளி; அதற்குள் 1 விழுந்தால் மாற்றம் உண்டு என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

சாதாரண பாய்சான் (எண்ணிக்கைகளுக்கான அடிப்படைப் பரவல்): 0.78 (0.68 முதல் 0.90 வரை)
நெகட்டிவ் பைனாமியல் (பாய்சானைவிட அதிகச் சிதறலுக்கு இடம் தருவது): 0.78 (0.63 முதல் 0.96 வரை)
பாய்சான், திட்டப்பிழை (மதிப்பீட்டின் தடுமாற்ற அளவு) மட்டும் புளோக் வாரியாகக் கிளஸ்டர் செய்தது, அதாவது ஒரு புளோக்கின் வரிசைகளை ஒரே கொத்தாக எடுத்தது: 0.78 (0.57 முதல் 1.07 வரை)
நெகட்டிவ் பைனாமியல், புளோக்குக்கும் பொறிக்கும் ரேண்டம் இன்டர்செப்ட் (ரேண்டம் எஃபெக்டில் ஒரு வகை, ஒவ்வொன்றுக்கும் தனி அடிப்படை அளவு): 0.77 (0.65 முதல் 0.92 வரை)

மேற்பார்வையாளர் இரண்டாவதை எடு என்கிறார். கூட வேலை செய்யும் நண்பர் மூன்றாவதுதான் சரி என்கிறார். நான்காவதைப் பார்த்தால் எல்லாவற்றையும்விட நவீனமாகத் தெரிகிறது, பதிலும் நமக்குச் சாதகம். புள்ளியியல் மென்பொருள்களில் ஸ்டேட்டா, ஆர் இரண்டும் கையில் இருக்கின்றன. எதை எடுப்பது?

எச்2 டியூஷன் · திங்கள் இரவு 10.15

பாய்சான் என்றதும் ஓடி வந்துவிட்டேன். 2017 தேர்விலிருந்து ஏ நிலை எச்2 கணிதத்தில் அதைத் தூக்கி ஃபர்தர் மேத்ஸில் போட்டுவிட்டார்கள். இப்போதுள்ள பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அந்தப் பெயரே தெரியாது.

பாய்சானின் நிபந்தனை எளிது: சராசரியும் வேரியன்ஸும் (சிதறலின் அளவு) ஒன்றாக இருக்க வேண்டும். பாடப்புத்தகத்தில் எப்போதும் வரும் உதாரணம் 1898-இல் போர்ட்கேவிச் எழுதிய பிரஷ்யக் குதிரைப்படைக் கணக்கு. 14 படைப்பிரிவு, 20 ஆண்டு, குதிரை உதைத்துச் செத்தவர்கள் 196 பேர். பாய்சான் அச்சாகப் பொருந்துகிறது என்று வகுப்பில் காட்டும் அட்டவணையில் 200 கட்டங்கள்தான் இருக்கும், 280 அல்ல. அமைப்பு வேறாக இருந்த 4 படைப்பிரிவுகளை ஓரம்கட்டிய பிறகு வந்த அட்டவணை அது. பிரிவுக்குப் பிரிவு வித்தியாசம் என்ற தலைவலி அப்போதே இருந்திருக்கிறது.

உங்கள் பாய்சான் மாடலில் பியர்சன் கைஸ்கொயரை டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடத்தால் வகுத்தால் என்ன வருகிறது? பாய்சான் பொருந்தினால் 1-க்குப் பக்கத்தில் வர வேண்டும்.

கொசுக்கணக்கு · திங்கள் இரவு 10.22

2.6 சார்.

ஸ்டேட்டா சித்தப்பா · திங்கள் இரவு 11.05

2.6 என்றால் சாதாரண பாய்சானை மறந்துவிடலாம். முதல் வரி கழிந்தது.

இரண்டாவது வரியில்தான் நிறையப் பேர் வழுக்குவார்கள், உன் மேற்பார்வையாளர் உட்பட. நெகட்டிவ் பைனாமியல் ஒவ்வொரு வரிசையின் சிதறலையும் அகலப்படுத்தும். அவ்வளவுதான். வரிசைகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை என்றுதான் அதுவும் நினைத்துக்கொண்டிருக்கிறது. உன் தரவில் ஒரே பொறி 26 தடவை, ஒரே புளோக்கில் எட்டுப் பொறி. ஒரே வீட்டில் எட்டுப் பேரைக் கேட்டுவிட்டு எட்டு வீட்டின் கருத்து என்று எழுதுகிற கதைதான். சிதறல் ஒரு நோய், ஒட்டுறவு வேறு நோய். ஒன்றுக்குக் கொடுத்த மருந்து மற்றதைத் தீர்க்காது.

மூன்றாவது வரியில் பாய்சான் இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். சராசரிக்கான சமன்பாடு சரியாக இருந்தால் போதும், பரவல் பாய்சானாக இல்லாவிட்டாலும் குணகம் சரியான இடத்துக்கே போய்ச் சேரும். 1984-இல் கூரியரூ, மோன்ஃபோர், த்ரோன்யோன் மூவரும் நிறுவியது. திட்டப்பிழையை மட்டும் சாண்ட்விச் முறையில் (கிளஸ்டர் செய்வது அந்த வகைதான்) திருத்தினால் சரி.

அப்புறம் ஒரு கேள்வி. பொறிகள் எல்லாம் சரியாக ஏழே நாளில்தான் எண்ணப்பட்டனவா?

கொசுக்கணக்கு · செவ்வாய் காலை 7.30

இல்லை. லிஃப்ட் பழுது, விடுமுறை வாரம் என்று சிலவற்றை 14 நாள் கழித்தே எண்ண முடிந்தது. பொறி வெளியே இருந்த நாட்களை எக்ஸ்போஷராகக் கொடுத்திருக்கிறேன்.

ஸ்டேட்டா சித்தப்பா · செவ்வாய் காலை 7.52

நல்லது. படிக்கிற மற்றவர்களுக்காக: ஸ்டேட்டாவில் எக்ஸ்போஷர் என்று எழுதினால் நாட்களை அப்படியே கொடு, லாகரிதத்தை அதுவே எடுத்துக்கொள்ளும். ஆஃப்செட் என்று எழுதினால் லாகரிதம் எடுத்த பிறகுதான் கொடுக்க வேண்டும். ஆரில் ஆஃப்செட் மட்டும்தான், லாக் போடுவது நம் பொறுப்பு. மாற்றிக் கொடுத்தாலும் மென்பொருள் ஒரு எச்சரிக்கையும் தராது, அழகாக ஒரு விடையைத் தந்துவிடும்.

புதுவரவு · செவ்வாய் மதியம் 12.40

54 விழுக்காடு பூஜ்ஜியம் என்றால் ஜீரோ இன்ஃப்ளேட்டட் மாடல் (கூடுதல் பூஜ்ஜியங்களுக்குத் தனிப் பகுதி வைப்பது) அல்லவா போட வேண்டும்?

பீட்டா · செவ்வாய் மதியம் 1.10

சாப்பாட்டு நேரத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சராசரி 1.1 என்றால் பாய்சான் எதிர்பார்க்கும் பூஜ்ஜியம் 33 விழுக்காடு. அதே சராசரியில் ஆல்ஃபா (சிதறல் அளவுரு) 1.5 உள்ள நெகட்டிவ் பைனாமியல் 52 விழுக்காடு பூஜ்ஜியத்தை எதிர்பார்க்கும். இருப்பது 54. தனியாக ஒரு பூஜ்ஜிய எந்திரம் தேவையே இல்லை. பூஜ்ஜியம் நிறைய இருப்பது வேறு, எதிர்பார்த்ததைவிட நிறைய இருப்பது வேறு.

இரண்டு மாடல்களை ஒப்பிடும் வூவாங் சோதனையைக் காட்டி ஜீரோ இன்ஃப்ளேஷனை நியாயப்படுத்துவதும் ஓய்ந்துவிட்டது. அந்த உபயோகம் தவறு என்று 2015-இல் கட்டுரை வந்த பிறகு ஸ்டேட்டா 15-இல் அந்த ஆப்ஷனையே எடுத்துவிட்டார்கள். வேண்டுமென்றால் கட்டாயப்படுத்தித்தான் வரவழைக்க வேண்டும்.

ஆரில் ஜிஎல்எம்எம்டிஎம்பி தொகுப்பில் மாடலைப் போட்டு, டார்மா தொகுப்பில் உருவகப்படுத்திய எச்சங்களை (மாடல் கணித்ததற்கும் தரவுக்கும் உள்ள வித்தியாசம்) பாருங்கள். பூஜ்ஜியச் சோதனையும் அதிலேயே இருக்கிறது.

பி.கு.: ஆல்ஃபா, தீட்டா குழப்பம் வேண்டாம். ஸ்டேட்டா தருவது ஆல்ஃபா. ஆரில் மாஸ் தொகுப்பு தருவது தீட்டா, அதாவது ஒன்றை ஆல்ஃபாவால் வகுத்தது. தீட்டா பெரிதாக இருந்தால் பாய்சானுக்குப் பக்கத்தில் இருக்கிறோம் என்று பொருள்.

வார்டு புள்ளி · செவ்வாய் இரவு 9.20

மருத்துவமனையில் கீழே விழுகிற நோயாளிகளின் கணக்கை வார்டு வார்டாகப் பார்ப்பதுதான் என் வேலை, அதனால் இந்தச் சண்டை எனக்குப் பழக்கம். ஆயிரம் படுக்கை நாளுக்கு எத்தனை விழுகை என்று பேசுவோம். உங்களுடையது பொறி நாள், எங்களுடையது படுக்கை நாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

தம்பி, இந்த இழையில் பேச வேண்டியது நான்காவது வரியைப் பற்றித்தான். மூன்றாவதும் நான்காவதும் ஒரே தரவு, இரண்டுமே ஒட்டுறவைக் கவனிப்பதாகச் சொல்லிக்கொள்கின்றன. பிறகு ஏன் ஒன்று 1.07 வரை போகிறது, மற்றது 0.92-இல் நிற்கிறது?

ரேண்டம் இன்டர்செப்ட் என்ன சொல்கிறது என்று யோசித்துப் பாருங்கள். இந்தப் புளோக்கில் எப்போதுமே கொசு அதிகம், அந்தப் புளோக்கில் எப்போதுமே குறைவு. நிரந்தர வித்தியாசம். நீங்கள் அளப்பதோ முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள மாற்றம். நிரந்தர வித்தியாசம் அதில் தானாகக் கழிந்துவிடும். அதனால் அந்த ரேண்டம் எஃபெக்ட் நீங்கள் தேடும் எண்ணுக்கு ஏறக்குறைய ஒரு பாதுகாப்பும் தருவதில்லை. தலையீடே (தொண்டூழியர்கள் வீடு வீடாகப் போனது) இல்லாவிட்டாலும் ஒரு புளோக் தன்பாட்டுக்கு இரண்டாம் பாதியில் ஏறும், இன்னொன்று இறங்கும். அந்த ஏற்ற இறக்கம் உங்கள் மாடலில் எங்கே இருக்கிறது? எங்கும் இல்லை. வாரம் என்பது எல்லாப் புளோக்குகளுக்கும் பொதுவானது, அது பிடிக்காது. கிளஸ்டர் செய்த திட்டப்பிழை அதைப் பிடிக்கிறது, அதனால்தான் அகலமாக வருகிறது.

புளோக்கையும் காலகட்டத்தையும் சேர்த்து இன்னொரு ரேண்டம் எஃபெக்ட் கொடுத்துப் பாருங்கள். 14 புளோக், 2 காலகட்டம், 28 தொகுதி. சாஸ் மென்பொருளில் கிளிம்மிக்ஸ் கட்டளை என்றால் ஒரு ரேண்டம் வரி கூடுதல். ஆரிலும் ஸ்டேட்டாவிலும் அதே மாதிரிதான்.

கொசுக்கணக்கு · செவ்வாய் இரவு 10.41

போட்டேன் அக்கா. 0.77 (0.56 முதல் 1.06 வரை). மூன்றாவது வரியோடு கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டது!

வார்டு புள்ளி · செவ்வாய் இரவு 10.50

அதேதான். கிளஸ்டர் முறைக்கும் ரேண்டம் எஃபெக்ட் முறைக்கும் சண்டையே இல்லை. மாடலில் எந்த அடுக்கை எழுதாமல் விட்டோம் என்பதுதான் விஷயம்.

தாழ்வாரம் · புதன் காலை 6.35

புள்ளியியல் எனக்குத் தெரியாது, பொறி எண்ணும் வேலை பார்த்திருக்கிறேன். அக்கா சொன்ன ஏற்ற இறக்கம் எங்கள் கண்ணுக்கு நன்றாகவே தெரியும். பக்கத்தில் கட்டுமானம் ஆரம்பித்தால் அடுத்த மூன்று வாரத்தில் அந்தப் பக்கப் பொறியெல்லாம் நிறையும். ஒரு மாடியில் பூச்செடி வளர்ப்பவர் வீடு மாறிப் போனால் அந்தத் தாழ்வாரம் சட்டென்று காலியாகும். பொறியை வழியில் கிடக்கிறது என்று யாராவது நகர்த்தி வெயிலில் வைத்துவிட்டால் ஒன்றும் விழாது. தாளில் பூஜ்ஜியம் என்றுதான் எழுதுவோம்.

தம்பி, உங்கள் பேட்டையில் ஏதாவது கட்டினார்களா?

கொசுக்கணக்கு · புதன் காலை 8.05

பதினாறாவது வாரத்திலிருந்து தலையீடு நடந்த ஒரு புளோக்குக்குப் பின்னால் வேலி போட்டுக் குழி தோண்டினார்கள். அந்தப் புளோக்கில்தான் எண்ணிக்கை ஏறியது. அதை எடுத்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஸ்டேட்டா சித்தப்பா · புதன் காலை 8.30

எடுக்காதே. தலையீடு இல்லாத புளோக்குக்குப் பின்னால் குழி தோண்டியிருந்தால் எடுக்கத் தோன்றியிருக்குமா? முடிவைப் பார்த்த பிறகு புளோக் பொறுக்குவது நியாயமில்லை. முழுத் தரவில் வந்ததை முதலில் எழுது, அது இல்லாமல் என்ன வருகிறது என்று பின்னிணைப்பில் ஒரு வரி போடு.

பீட்டா · புதன் மதியம் 1.25

ஸ்டேட்டாவில் நெகட்டிவ் பைனாமியலுக்கான எக்ஸ்டிஎன்பிரெக் கட்டளையில் எஃப்இ (ஃபிக்ஸட் எஃபெக்ட், அதாவது நிலையான விளைவு) போட்டால் புளோக் வித்தியாசமும் சிதறலும் ஒரே அடியில் முடியாதா? சும்மா கேட்கிறேன்.

ஸ்டேட்டா சித்தப்பா · புதன் மதியம் 1.58

அந்தக் கட்டளையின் பெயரை நம்பி மோசம் போனவர்கள் ஏராளம். 1984-இல் ஹவுஸ்மன், ஹால், கிரிலிக்கஸ் கொடுத்த மாடல் அது. அதில் நிலையான விளைவு சராசரியில் உட்காரவில்லை, சிதறல் அளவுருவில் உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் புளோக்கின் மாடி எண்ணிக்கை மாதிரி மாறவே மாறாத விஷயத்துக்கும் அது குணகம் தரும். உண்மையான ஃபிக்ஸட் எஃபெக்டாக இருந்தால் அது தரவே முடியாது. 2002-இல் அலிசனும் வாட்டர்மேனும் இதைத் தெளிவாக எழுதிவிட்டார்கள்.

ஃபிக்ஸட் எஃபெக்ட் வேண்டுமென்றால் எக்ஸ்டிபாய்சான் எஃப்இ, கூடவே கிளஸ்டர் திட்டப்பிழை. ஒன்று நினைவிருக்கட்டும்: பொறி அளவில் போட்டால், 26 வாரமும் பூஜ்ஜியமாகவே இருந்த பொறிகளை அது கணக்கிலிருந்து இறக்கிவிடும். அவற்றில் விகித மாற்றம் பற்றிய தகவல் இல்லை என்பதால் அது சரிதான். வரிசை குறைந்துவிட்டதே என்று பதற வேண்டாம்.

வார்டு புள்ளி · புதன் இரவு 9.02

இன்னும் முடியவில்லை. மூன்றாவது வரியும் முழுக்க நம்பத் தகுந்தது அல்ல. சாண்ட்விச் திட்டப்பிழை கிளஸ்டர்கள் நிறைய இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். 40, 50 இருந்தால் நிம்மதி. 14 இருக்கும்போது உள்ளதைவிடச் சிறிதாகவே காட்டும். கிளஸ்டர் குறைவாக இருந்தால் போட சாஸில் எம்பிஎன் திருத்தம் உண்டு, ஆரில் கிளப்சாண்ட்விச் தொகுப்பில் சிஆர்2 உண்டு. குறைந்தபட்சம் 1.96-ஐ விட்டுவிட்டு 13 டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடத்துக்கான 2.16-ஐப் போட்டாலே 0.55 முதல் 1.10 வரை விரியும்.

அதைவிட நேரான வழி ஒன்று இருக்கலாம். அந்த 7 புளோக்குகளை யார், எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்? கொசு அதிகம் என்று புகார் வந்த புளோக்குகள் என்றால் கதை கந்தல். உச்சத்தில் பிடித்த எதுவும் அடுத்து தானாகக் கொஞ்சம் இறங்கும், அதைத் தலையீட்டின் வெற்றி என்று எழுதிவிடுவோம்.

கொசுக்கணக்கு · புதன் இரவு 9.30

இல்லை அக்கா, சீட்டுப் போட்டோம். பக்கத்துப் பக்கத்துப் புளோக்குகளை ஜோடியாக்கி, ஜோடிக்கு ஒரு சீட்டு.

வார்டு புள்ளி · புதன் இரவு 9.44

ஜோடியா! இதை முதல் பதிவிலேயே சொல்லியிருக்கலாம். சீட்டு எடுத்திருப்பதால் மாடலையே நம்பாமல் சோதிக்கலாம்.

14 புளோக்கில் எந்த 7 வேண்டுமானாலும் வந்திருக்கலாம் என்றால் 3,432 விதம். ஆனால் நீங்கள் ஜோடிக்குள் சீட்டு எடுத்ததால் 2 பெருக்கல் 2 என ஏழு முறை, 128 விதம் மட்டுமே. இந்த 128-ஐத்தான் பயன்படுத்த வேண்டும், 3,432-ஐ அல்ல. ஒவ்வொரு புளோக்குக்கும் பின்பாதி வரத்தை முன்பாதி வரத்தால் வகுங்கள். பிறகு ஜோடிக்குள் தலையீட்டுப் புளோக்கின் விகிதத்தை மற்றதால் வகுங்கள். 2,900 வரிசை ஏழு எண்ணாகச் சுருங்கும். அந்த ஏழின் லாகரிதச் சராசரியை எடுத்து, சீட்டு மாறி விழுந்திருந்தால் என்ன வந்திருக்கும் என்று 128 தடவையும் கணக்கிடுங்கள். எக்செல்லிலேயே முடியும்.

கொசுக்கணக்கு · வியாழன் இரவு 8.17

ஏழு எண்கள் இவை: 0.41, 0.62, 0.66, 0.74, 0.88, 1.09, 1.42. கடைசியில் இருப்பதுதான் குழி தோண்டிய ஜோடி. பெருக்கல் சராசரி 0.78. 128-இல் இந்த அளவுக்கோ இதைவிட அதிகமாகவோ குறைவு காட்டியவை 10, எதிர்ப்பக்கம் 10. 20/128, அதாவது பி மதிப்பு (பலனே இல்லாவிட்டாலும் சீட்டின் தற்செயலால் இவ்வளவு வித்தியாசம் வரும் வாய்ப்பு) 0.16. ஏழு எண்ணை வைத்து டி முறையில் இடைவெளி போட்டால் 0.53 முதல் 1.13 வரை.

முதல் வரியில் 0.90-இல் நின்றது எங்கே, இது எங்கே.

எச்2 டியூஷன் · வியாழன் இரவு 8.40

ஏழு எண்ணில் மொத்தத் தரவும் அடங்கிவிட்டது! இதை என் ஃபர்தர் மேத்ஸ் வகுப்பில் அப்படியே போட்டுக்கொள்ளலாமா?

கொசுக்கணக்கு · வியாழன் இரவு 8.44

தாராளமாக, சார். இன்னொரு சந்தேகம். அறிக்கையில் ஒரு பொறிக்கு வாரத்தில் எத்தனை கொசு என்று படம் போட வேண்டும். ரேண்டம் எஃபெக்டைப் பூஜ்ஜியமாக வைத்துக் கணித்தால் உண்மைச் சராசரியைவிடக் குறைவாக வருகிறது. ஏதாவது தப்பா?

பீட்டா · வியாழன் இரவு 9.15

தப்பில்லை. அந்தக் கணிப்பு நடுத்தரமான ஒரு பொறிக்கு உரியது, எல்லாப் பொறிகளின் சராசரி அல்ல. லாக் லிங்க் (மாடல் சராசரியின் லாகரிதத்தில் இயங்குவது) என்பதால் சராசரி வேண்டுமென்றால் சிக்மா (ரேண்டம் எஃபெக்டின் திட்டவிலக்கம்) வர்க்கத்தின் பாதியை ஈ-யின் அடுக்காக்கிப் பெருக்க வேண்டும். ரேண்டம் இன்டர்செப்ட்டின் சிக்மா 0.9 என்றால் பெருக்கி 1.5. பல அடுக்கு இருந்தால் வர்க்கங்களைக் கூட்டிக்கொள்ளுங்கள். நல்லவேளையாக இதே காரணத்தால் 0.77 என்ற விகிதம் மாறாது, ஏறுவது இன்டர்செப்ட் மட்டும்தான். லாஜிஸ்டிக்கில் இந்தச் சலுகை கிடையாது.

தாழ்வாரம் · வெள்ளி காலை 6.50

ஜோடிப் புளோக்குகள் பக்கத்துப் பக்கத்தில் என்கிறீர்கள். கொசுவுக்கு புளோக் எண் தெரியாதே. தேசியச் சுற்றுப்புற வாரியம் டெங்கிக் குழுமம் என்று சேர்ப்பதே 14 நாளுக்குள், 150 மீட்டருக்குள் இரண்டு பேருக்கு வந்தால். உங்கள் புளோக்குகள் அதைவிட நெருக்கமாகத்தானே இருக்கும்?

வார்டு புள்ளி · வெள்ளி காலை 7.40

தாழ்வாரம் அண்ணன் சொன்னது கவனிக்க வேண்டிய விஷயம். ஒரு புளோக்கைச் சுத்தம் செய்தால் பக்கத்துப் புளோக்கிலும் குறையும், அங்கே பிறந்தது இங்கே வந்தும் ஒட்டும். இரண்டும் வித்தியாசத்தைச் சுருக்கிக் காட்டும். எந்தத் திட்டப்பிழைத் திருத்தமும் இதைச் சரிசெய்யாது. அறிக்கையில் கட்டாயம் எழுதுங்கள்.

கொசுக்கணக்கு · சனி மதியம் 3.05

மேற்பார்வையாளரிடம் ஏழு எண்ணையும் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சரி என்றார். மதிப்பீடு 22 விழுக்காடு குறைவு, தரவோடு ஒத்துப்போகும் எல்லை 47 விழுக்காடு குறைவிலிருந்து 13 விழுக்காடு கூடுதல் வரை என்று எழுதுகிறோம். பலன் இல்லை என்று எழுதவில்லை, இருக்கிறது என்றும் எழுதவில்லை.

அடுத்த சுற்றுக்குக் கொஞ்சம் பணம் கிடைக்கும்போல. அதே 14 புளோக்கில் பொறியை இரட்டிப்பாக்கி 16 வைக்கலாம் என்கிறார். சரியா?

வார்டு புள்ளி · சனி மாலை 5.30

உங்கள் ஏழு எண்களின் லாகரித வேரியன்ஸ் 0.164. அதில் எண்ணிக்கைச் சிதறலால் வருவது உத்தேசமாக 0.06, மீதி 0.10 புளோக்கின் சொந்த ஏற்ற இறக்கம். பொறியை இரட்டித்தால் 0.06 பாதியாகும், 0.10 அசையாது. திட்டப்பிழை 0.15-இலிருந்து 0.14-க்குத்தான் இறங்கும். அதற்குப் பதிலாக இப்போதுள்ள 112 பொறிகளையே புளோக்குக்கு 4 வீதம் 28 புளோக்குகளில் பிரித்து வைத்தால் 0.13-க்கு வரும், ஒரு பொறிகூடப் புதிதாக வாங்காமல். பணம் இருந்தால் புளோக்கைக் கூட்டுங்கள். ஜோடிகளையும் தள்ளித் தள்ளி எடுங்கள்.

தாழ்வாரம் · சனி மாலை 6.10

பொறி வாங்கும் காசு மிச்சம்தான். ஆனால் 28 புளோக் ஏறி இறங்க ஆள் வேண்டும், ஒருவரால் ஒரு காலையில் முடியாது. எண்ணுகிறவர் சம்பளத்தையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.